எடுக்கும் நேரம்

குருநகர் ஜெற்றியிலிருந்து
சைக்கிள் கரியரில் பற்றறியைக் கட்டிக்கொண்டு வருபவர்கள்
விலை கேட்பதில்லை.
"எத்தினை மணிக்கு எடுக்கலாம்?"

எழுபது அம்பியர் கொள்ளும். சார்ஜர் ஐந்து.
பாதி கிடந்தால் ஏழு மணித்தியாலம் என்று
ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.
நான் உடனே சொல்வதில்லை.
மூடி ஆறையும் கழற்றி
அசிற்றைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி
மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்ப்பேன்.
சூட்டிலும் குமிழியிலும் போவதற்கு
ஒன்றரை மணி கூட்டுவேன்.
கரண்ட் வெட்டுக்கு ஒன்று,
சொல்லாமல் வெட்டுவதற்கு இன்னொன்று.
கடைசிப் பங்கு எப்போதும் இழுக்கும்,
வயிறு நிறைந்த பிள்ளைக்கு
மிச்சச் சோற்றை ஊட்டுவதுபோல.

அமலதாசுக்கு அவசரம். கணவாய்ப் பருவம்.
"ஆறு மணிக்குப் போட் இறங்குது அக்கா,
பத்தில வைச்சு ஏத்துங்கோவன்."
ஏற்றலாம். பிளேற் வளையும்.
முக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஏறும்,
இரண்டு லைற்றும் மூன்று மணிவரை எரியும் என்றேன்.
"அதுக்குப் பிறகு?"
நிலவு வரும்.
கலண்டரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

புதன்கிழமை டெய்சிராணி வந்தாள்
ஓட்டோவில், பற்றறியை மடியில் வைத்தபடி.
சட்டையில் அசிற் பட்ட இடம் ஏற்கெனவே வெளுத்திருந்தது.
இரண்டு வருடம் கட்டிலுக்குக் கீழே கிடந்ததாம்.
போட்டை விற்கிறாள்,
வாங்குபவர் பற்றறியும் வேண்டும் என்கிறார்.

கிளிப்பைக் கொழுவினேன்.
இருபது நிமிடத்தில் முள்
பதினாலைத் தாண்டிப் பதினைந்துக்குப் போனது.
"கெதியா நிறைஞ்சிட்டுதே!"
அவள் முகத்தைப் பார்க்காமல்
ஒரு பல்பைத் தொடுத்துக் காட்டினேன்.
எரிந்தது.
நான் பதினொன்று எண்ணுவதற்குள்
கம்பி சிவந்து, பிறகு அதுவும் இல்லை.

உள்ளே வெள்ளை படிந்திருக்கிறது.
கொடுப்பதை வாங்காமல்
நிறைந்துவிட்டேன் என்று காட்டும்.
ஒரு அம்பியரில் மெல்ல விட்டுப் பார்க்கலாம்,
மூன்று நாள், ஐந்து நாள்.
ஏறவும் கூடும். ஏறாமலும் விடும்.

அவள் கேட்டாள்,
எல்லோரும் கேட்பதைத்தான்.

பில் புத்தகத்தில் 'எடுக்கும் நேரம்' என்று
ஒரு கட்டம் உண்டு.
பதினாறு வருடமாக நீலப் பேனையால்
மணியும் நிமிடமும் போட்டு வந்திருக்கிறேன்.
லாச்சியைத் திறந்து பென்சில் தேடி
'சனி' என்று எழுதினேன்.

"அப்ப சனி வாறன்" என்றாள்
பில்லை நாலாக மடித்துக்கொண்டே.

ஓட்டோ திரும்பியதும்
சார்ஜரின் குமிழை ஒன்றுக்கு இறக்கினேன்.
முள் அசைந்ததா என்று
இப்போதைக்குச் சொல்ல முடியாது.