பட்டியல் எண் நாற்பத்தொன்று

கொத்தமங்கலத்து வளவிலிருந்து
டாட்டா ஏஸில் வந்து இறங்கியது.
ஆறு பேர் தூக்கினார்கள்.
ஏழாவது ஆள் சாத்தப்பன், தூக்கவில்லை.
கூடவே நடந்து
‘இதுல எனக்கும் மூணுல ஒண்ணு’ என்று
கண்ணாடியில் ஆடிவந்த தன் முகத்திடம்
சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் காரைக்குடிக் கிடங்கில் பட்டியல் எழுதுகிறவள்.
பொருள், மரம், உயரம், சேதாரம்.
நாற்பத்தொன்று: அலமாரி.
மரம் பர்மா. கண்ணாடி பெல்ஜியம்.
பூட்டு, யாரோ ஒரு ஜெர்மன்காரன்.
கரையான் மட்டும் உள்ளூர்.

சொல் எந்த ஊர்?
அதற்குக் கட்டம் கிடையாது.

வாங்க வந்த மதலேனா லிஸ்பன்காரி.
கைபேசியில் ஏதோ பேசி
தமிழாக்கி நீட்டினாள்:
‘இந்த மரம் அழுகிறதா?’
இல்லை என்றேன். சிரிக்கவும் இல்லை.

பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு
விரலால் தொட்டுச் சொன்னாள்: ‘அர்மாரியு.’
‘அலமாரி’ என்றேன்.
மறுபடி அவள். மறுபடி நான்.
ஒரே வீட்டில் பிறந்து
திசைக்கொன்றாய் வாக்கப்பட்டுப் போன இருவர்
பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து
மூக்கை வைத்து அடையாளம் கண்டதுபோல்
எங்கள் நடுவே இரண்டு சொற்கள்.

கண்டியில் அல்மாரிய. பினாங்கில் அல்மாரி.
சைகோனில் அடுத்தாளாய் இருந்தவர்
ஊருக்கு எழுதிய கணக்கில் ஆர்முவார்.
கொண்டுவிற்கப் போனவர்கள்
எந்தத் துறையில் இறங்கினாலும்
அது முன்னாலேயே போய்
துணி மடித்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

லத்தீனில் பொருள் என்ன என்று தேடினேன்.
ஆயுதம் வைக்கும் இடமாம்.
சாத்தப்பனிடம் சொன்னதும்
‘தெரிஞ்சுதான் பேர் வச்சிருக்கான்’ என்றார்.

சாவி அண்ணன் ஏகப்பனிடம்.
(சாவியும் அதே கப்பலில் வந்த சொல்தான்.)
ஒன்பது வருஷமாய்ப் பேச்சில்லை.
தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தவர்
நாற்காலி போட்டும் உட்காரவில்லை.
திறந்தார்.
ரங்கூன் செய்தித்தாள் விரித்த தட்டில்
ஒரு பாக்குவெட்டி.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன.
பாக்குவெட்டிக்கும் இரண்டு கைதான்.
மூன்றாவது பங்கு கோயமுத்தூரில்,
போனை எடுக்கவில்லை.
எழுதினேன்: நாற்பத்தொன்று-அ.
பித்தளை. முனை மழுங்கல்.
விற்பனைக்கு அல்ல.
இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

பெட்டி கட்டும் முன் ஆயுத பூஜை வந்தது.
தராசுக்கு, இழுவைக்கு, அளவு நாடாவுக்கு,
என் பேனாவுக்குச் சந்தனம் வைத்தேன்.
ரோமானியனுக்கும்
கருவி, ஆயுதம் இரண்டும் ஒரே சொல்லாம்.
அப்படியென்றால் இதுவும் முறைதானே என்று
அலமாரிக் கதவிலும் ஒரு பொட்டு,
மேலே குங்குமம்.

தூத்துக்குடி போய், கப்பல் ஏறி,
தை பிறந்ததும் மதலேனாவிடமிருந்து செய்தி:
‘கதவில் மஞ்சள் காயம் உள்ளது.
நடுவில் இரத்தம்.
மருந்து போடவா?’

காயம் இல்லை, பொட்டு என்று அனுப்பினேன்.
போகிற வழியில்
அது என்னவாய் மாறிச் சேர்ந்ததோ.