முதல் விருந்தாளி

சிம் லிம் டவரில் ஒரு ஒயருக்காக
மூன்று மாடி ஏறி இறங்கினேன்.
பன்னிரண்டு வெள்ளி. குறைக்க மாட்டேன் என்றார்.

ஈசூன் வீட்டு வெடிகுண்டுப் புகலறையில்
அரிசி வாளிக்கும் குடைக்கும் இடையில்
நாலு மெகாபைட் நினைவோடு
முப்பத்தாறு வயதுப் பெட்டி
இணையத்துக்குத் திறந்தது.
பக்கத்தில் ஒரே வரி:
"எங்கள் புளோக்கில் இப்போது மழை."
எட்டிப் பார்த்து நான்தான் மாற்ற வேண்டும்.

இரவு இரண்டே முக்கால். வட்டு கரகரத்தது.
யாரோ!

வந்தது திருட்டு நிரல்.
பூட்டுப் பூட்டாக இழுத்துப் பார்க்கிறது.
அது தேடும் ஓட்டைகளெல்லாம்
இந்தப் பெட்டிக்குப் பிறகு பிறந்தவை.
ஒவ்வொன்றுக்கும் பதினோரு நொடி யோசித்து
"அப்படி எதுவும் இங்கே இல்லையே" என்கிறது.

"யாருங்க இந்நேரம்?" குமுதவல்லி.
"விருந்தாளி."

வெளியே மழை விட்டிருந்தது.
வரியைத் திருத்தினேன்.
திருடனே ஆனாலும்
பொய் சொல்லி அனுப்பக் கூடாது.