நூற்றெண்பது கிராம்

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பெட்டியில்
ஒரு மட்டை, ஆறு சொஃப்ட்போல் பந்து,
இரண்டுமே வலக்கைக்கான கையுறைகள்.
விளையாட்டு சேர் ஹட்டனுக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.
பெட்டி கணக்கு டீச்சரின் மேசைக்கு வந்தது.
கையெழுத்து வைத்தேன்.

இருபத்தாறு வயதுவரை நான்
எதையும் ஓங்கி அடித்ததில்லை.
படித்ததைச் சொன்னேன்:
எடையைப் பின்காலில் ஏற்று,
பந்து வருகையில் முன்காலுக்கு மாற்று.
பத்தாம் ஆண்டுத் திலக்சனா கேட்டாள்,
"எத்தன கிலோ டீச்சர்?
கழிவு போகவா, கழிவோடயா?"
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
அவள் அம்மாவின் கொழுந்தில்
தண்ணிக்கென்று தினமும் மூன்று கிலோ போகிறதாம்.

எங்கள் மைதானம் மலையை வெட்டியது.
வெட்டியவர்கள் பாதியில் போய்விட்டார்கள்.
மேட்டில் நின்று ஜெனிட்டா வீசுவாள்,
மற்றவர்கள் பள்ளத்தில் நின்று அடிப்பார்கள்.
முன்கால் உயரத்தில், பின்கால் தாழ்வில்,
உடம்பு முழுக்கப் பின்னே கிடக்க
கை மட்டும் பந்துக்குப் போகும்.
கையால் அடித்த பந்து
பனிமூட்டம்வரை எழும்பி விழுந்து
அடித்தவளின் காலுக்கே உருண்டு வரும்.
ஒரு வகையில் சிக்கனம்.
ஆறு பந்தும் ஆறாகவே இருந்தன.

மூன்று வாரம் கத்தினேன்.
இடுப்பைத் திருப்பு. குதிகாலைத் தூக்கு.
தொப்புள் ஜெனிட்டாவைப் பார்க்கட்டும்.
தொப்புளுக்கு ஒரு சிரிப்பு.
செய்து காட்டப் போய்
சேலையோடு சேற்றில் உட்கார்ந்தேன்.
அன்று யாரும் சிரிக்கவில்லை,
அதுதான் மோசம்.

அன்றிரவு அடிமட்டத்தைச் சாய்த்து வைத்து
அழிறப்பரை உருட்டிப் பார்த்தேன்.
பிழை பிள்ளைகளின் காலில் இல்லை,
காலுக்குக் கீழே.
எட்டுப் பாகைச் சரிவு.
காலையில், அடிக்கிற இடமென்று விரித்திருந்த
உரச்சாக்கைத் தூக்கிப்போய் மேட்டில் போட்டோம்.
ஜெனிட்டா பள்ளத்துக்கு இறங்கினாள்,
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

திலக்சனா வந்து நின்றாள்.
பின்காலில் ஏறினாள்;
செருப்பின் விளிம்பு மண்ணுக்குள் இறங்கியது.
முன்னே ஒரு சாண் எட்டு.
வலது குதிகால் எழுந்தது,
இடுப்பு திரும்பியது,
கை எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது.
தகரக் கூரையில் பேரிக்காய் விழுந்த சத்தம்.
பந்து ஜெனிட்டாவின் காதோரமாக நேரே போய்
வேலி தாண்டி
ஏழாம் நம்பர் மலைத் தேயிலைக்குள் புகுந்தது.
கைதட்டினோம்.
பிறகு ஆறு மணிவரை தேடினோம்,
அட்டைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே.

வெள்ளிக்கிழமை ஆறில் ஒன்று மிஞ்சியது.
அந்த வாரம் அடித்ததுபோல்
அவர்கள் அதற்குமுன் அடித்ததே இல்லை.

மிஞ்சியதைப் போட்டிக்கென்று அலுமாரியில் பூட்டினேன்.
திங்கள் முதல் பந்தில்லாமல் பயிற்சி.
ஜெனிட்டா வெறுங்கையை வீசுவாள்.
ஒருத்தியிடம் மட்டை,
மற்றப் பத்துப் பேரிடம் விறகுக் கட்டை.
கண்ணுக்கு வேலை இல்லாததால்
காலைக் கேட்க முடிந்தது:
பதினொரு குதிகால்கள் ஒன்றாக
மண்ணைவிட்டு எழும் உரசல்.
ஒன்று பிந்தினால் தெரிந்துவிடும்.
பிந்தியவளுக்கும் தெரிந்துவிடும்.

வியாழன் பின்னேரம் திலக்சனாவின் அம்மா புஷ்பகாந்தி
கொழுந்து மடுவத்திலிருந்து நேரே வந்தார்,
இடுப்புப் படங்குகூட அவிழ்க்காமல்.
சாக்குக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தார்.
பச்சைக் கறை, தையலில் செருகிய ஒரு துளிர்.

"நிரையில கெடந்துச்சு டீச்சர்.
கொழுந்தோட போட்டு மறந்துட்டேன்.
கணக்கப்புள்ள அப்படியே நிறுத்துட்டாரு."
சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.
"அரப்பேருன்னு எழுதத்தான் பேனாவத் தொறந்தாரு.
முள்ளு போயி பதினெட்டத் தொட்டுச்சு.
முழுப்பேரு."

விஞ்ஞான அறைத் தராசில் வைத்தேன்.
நூற்றெண்பது கிராம்.
அதையே இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

வாசலில் திரும்பி நின்றார்.
"மத்த நாலும் எங்க கெடக்குன்னு தெரியும் டீச்சர்.
நாளைக்கு ஒண்ணாக் கொண்டாறேன்."

வலயப் போட்டி பதின்மூன்றாம் திகதி.
சுவர்க் கலண்டரில் எண்ணினேன்.
நாள் போதும்.