மல்லாந்து நீந்துகிறவன்

ஹாப்னர்ஃபியோர்துரில் எங்கள் பள்ளிக்குச்
செவ்வாய்தோறும் நீச்சல்.
நவம்பரில் பத்தரை மணிக்குத்தான் விடியும்.
திறந்தவெளிக் குளம், வெந்நீர், மேலே ஆவி.
எல்லோரும் பாதி உருவம்தான்.
அது எனக்குப் பிடிக்கும்.

எனக்குத் தெற்றுப்பல். மேல்வரிசையில் இரண்டு,
வரிசையில் முண்டியடித்து முன்னால் வந்தவை.
சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும்.
உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கக்
கண்ணாடி முன் பழகியிருக்கிறேன்,
சவ ஊர்வலத்தில் தெரிந்தவனைப் பார்த்தது போல இருக்கும்.
இன்றைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று
தினமும் காத்திருந்தேன்,
வந்தே தீரும் பேருந்துக்கு நிற்பதைப் போல.

அதற்குள் எய்விந்துர் குளத்தில் இறங்கத் திரும்பினான்.
முதுகெல்லாம் பரு.
சிவந்து, புடைத்து, ஆங்காங்கே கறுத்து.

"லாவா" என்றேன்.

ஒரே சொல்தான்.
வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே
எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் ஊர் இது,
விளக்க வேண்டியிருக்கவில்லை.
குளமே சிரித்தது. நானும்.
என் கை தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட்டது.
அத்தனை பல்லும் தெரியச் சிரித்திருக்கிறேன்,
ஒருவனும் பார்க்கவில்லை.

அந்தப் பெயரில் கடையில் ஒரு சாக்லேட் உண்டு.
அதன் காகிதம் அவன் மேசையில்,
காலணிக்குள், கம்பளிக் குல்லாயின் மடிப்பில்.
வைத்தது நானல்ல.
எல்லாவற்றையும் நானல்ல.

டிசம்பரில் அவன் மல்லாந்து நீந்தத் தொடங்கினான்.
முதுகு தண்ணீருக்கு, முகம் இருட்டுக்கு.
எல்லோரும் போன பிறகுதான் கரையேறுவான்,
துண்டு படிக்கம்பியிலேயே தொங்கும்.
ஆசிரியை தோர்கெர்துர் விசில் ஊதி எங்களை நிறுத்தி,
"பாருங்கள், இடுப்பு தாழவே இல்லை" என்றார்.
முப்பது பேர் பார்த்தோம்.
ஏன் கற்றான் என்பது
அந்தக் குளத்தில் இரண்டு பேருக்குத் தெரியும்.

போன வாரம் பக்கத்துத் தடத்தில் வந்தான்.
சுவரைத் தொட்டுத் திரும்பும் இடத்தில்
தலைகீழாய் அவன் கண், நேராய் என் கண்.
"உன் பல்லை," மூச்சு வாங்கச் சொன்னான்,
"நான் ஆறாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டேன்."

சுவரை உதைத்தான். போய்விட்டான்.

ஆறாம் வகுப்பு. இப்போது ஒன்பது.
மூன்று வருஷமாக அந்தப் பேருந்தை
அவன் எங்கேயோ நிறுத்தி வைத்திருக்கிறான்.

தடக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பனி விழத் தொடங்கியிருந்தது,
நீரைத் தொடும் முன்பே கரைந்துகொண்டு.
பழக்கத்தில் கை வாய்க்குப் போனது.
நான் சிரிக்கவில்லை.
கையில் குளோரின் வாடை.