மூன்றா எட்டா

பென்டிரைவ் ஈரமாக இருந்தது.
சட்டையில் துடைத்துச் செருகினேன்.
சரளாதேவி நாற்காலியில் உட்காரவில்லை.

இரவு ஒன்பது நாற்பத்தேழு. பகாவ் முச்சந்தி.
டயர் கடை ஆ ஹெங்கின் கேமரா.
மழை.
லென்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கயிறு ஆடுகிறது.
கயிறு இல்லை, சிலந்தி நூல்.
இருட்டில் பார்க்க கேமரா வீசும் வெளிச்சம்
பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் கொளுத்தும்.

பிறகு குணாளனின் மோட்டார்.
பிறகு செம்பனைக் குலை ஏற்றிய லோரி.
பிறகு வெறும் மழை.

"நம்பர் பிளேட்ட பெருசாக்குங்க."
பெருசாக்கினேன்.
சதுரங்கள். சாம்பல், கொஞ்சம் கறுத்த சாம்பல்.
கடைசி எண் மூன்று மாதிரி. இல்லை, எட்டு.
பதிவுப் பெட்டிக்குக் கிடைப்பது அளந்த படி.
அன்று எல்லாவற்றையும் மழைக்கும் சிலந்திக்கும் கொடுத்துவிட்டு
எண்ணுக்குக் கைவிரித்துவிட்டது.
படியளந்தவன் நான்.
மூன்று வருடம் முன்பு மாட்டியபோது
ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிறையக்கூடாதென்று
தரத்தைப் பாதியில் நிறுத்தினேன்.
இதை அவளிடம் சொன்னேனா? இல்லை.

"நாடகத்துல தெளிவாக்குறாங்களே?"
ஆக்கலாம். புதுசாக மென்பொருள் வந்திருக்கிறது,
கேட்டால் அழகாக ஒரு எட்டு வரையும்.
எந்த லோரியின் எட்டு என்று அதற்குத் தெரியாது.
சிரம்பான் ஆஸ்பத்திரியில் காலில் கம்பியோடு கிடப்பவனுக்காக
முகம் தெரியாத ஒருவனை நான் வரைய முடியாது.

அவள் திரையைத் தொட்டாள்.
"லோரி ஏன் சாஞ்சிருக்கு?"
சாயவில்லை அக்கா. கேமரா ஒரே மூச்சில் பார்க்காது,
மேல்வரி முந்தி, கீழ்வரி பிந்தி,
அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். படத்தின் கோளாறு.
"மெதுவா வந்தாலும் சாயுமா?"

நான் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆ ஹெங் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.
நூலைத் துடைத்தேன். விளக்கை ஒரு முழம் தள்ளி மாட்டினேன்.
வண்டி ஓடும் இடம் என்று ஷட்டரை வேகமாக்கினேன்,
படம் கொஞ்சம் இருளும், இருளட்டும்.
தரத்தை முழுசாக ஏற்றினேன்.
சிலந்தி சுவரோரம் நகர்ந்து நின்றது,
நான் இறங்குவதற்காக.

இப்போது மணி பதினொன்று.
திரையில் விளக்குக்கம்பம் நிமிர்ந்து நிற்கிறது.
லோரியின் முன்விளிம்பு பதினோரு புள்ளி சாய்ந்திருக்கிறது.
இன்னொரு முறை எண்ணினேன். பதினொன்றுதான்.
ஒரு படத்தை மேலிருந்து கீழ்வரை படிக்க
இந்தக் கேமராவுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று
கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன்.