நூறு மில்லிமீட்டர்

மூன்று இடத்திலும் ஒன்றையே கேட்டேன்:
பதினெட்டு மில்லி எம்.டி.எஃப் பலகையில்
நூறு மில்லிமீட்டர் விட்டத்துக்கு
ஒரு வட்டம்.

ஹித்தில் முதல் கடை. காவா ஊற்றினார்கள்.
கிண்ணத்தை ஆட்டினால்தான் நிறுத்துவார்கள்.
விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டே
ஆட்ட மறந்து நாலு குடித்தேன்.
ஸ்பிண்டில் தனி. வேக்யூம் பம்ப் தனி.
தூசி உறிஞ்சி தனி, அதன் பைகூடத் தனி.
யானை வாங்க வந்தவளிடம்
அங்குசத்துக்கு இன்னொரு பில்.
இத்தாலி யானை.
வட்டம் நூறு புள்ளி பூஜ்யம் இரண்டு.
குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே
எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது கடையில் அந்தோணி ரீகன்.
"அக்காவுக்குத் தூத்துக்குடியா?"
இல்லை.
"அப்ப நாசரேத்" என்று
ஐம்பது தினார் குறைத்தார்.
சேலம் என்றேன்.
குறைத்ததைத் திரும்ப ஏற்றவில்லை, நல்ல மனிதர்.
வெர்னியரை வைத்தேன்.
கிழக்கு மேற்காக நூறு,
வடக்கு தெற்காகத் தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு.
"கண்ணுக்குத் தெரியுமாக்கா இது?"
தெரியாது ரீகன்.
நாங்கள் செய்வது அத்தர்ப் பெட்டிகளின் மாதிரி.
மூடியைத் திருகும் விரலுக்குத் தெரியும்.

மூன்றாவது, சல்மாபாத்.
ரேடியேட்டர் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில்
மூடப்போகும் ஒரு விளம்பரப் பலகைக் கூடம்.
துருக்கி மெஷின். ஆறு வருடம் ஓடியது.
முதலாளி போனில் யாரிடமோ கடன் சொல்லிக்கொண்டிருந்தார்.
ஓட்டுகிறவள் ஜோவெலின்,
காதில் பஞ்சு, இமையில் மரத்தூள்.
வட்டம் கேட்டேன்.
அவள் பதிலுக்குக் கேட்டாள்:
உங்கள் கதவு எவ்வளவு அகலம்?

மூன்று வாரமாக
வேகம், விசை, அச்சு, மென்பொருள் என்று
இரவெல்லாம் படித்தவளுக்கு
சொந்தக் கதவின் அகலம் தெரியவில்லை.
பட்டறைக்கு போன் போட்டு
காவலாளியை டேப் பிடிக்கச் சொன்னேன்.
நூற்றைம்பத்தெட்டு.
"பிரித்துத்தான் கொண்டுபோகணும்" என்றாள்,
"எந்த போல்ட் கடைசி என்று எனக்குத் தெரியும்."

பிறகு ஸ்பிண்டிலைக் கால் மணி நேரம்
சும்மா சுழலவிட்டாள்.
கேட்காமலே சொன்னாள்:
ஆகஸ்டில் ஏசி நின்றால் இது கொஞ்சம் விலகும்,
காலையில் வெட்டினால் காலையிலேயே முடித்துவிடு,
கடல் ஈரம் தண்டவாளத்தைத் தின்னும்,
வெள்ளிக்கிழமை மறந்தால்
சனிக்கிழமை துரு.
விற்கவேண்டிய பொருளைப் பற்றி
இப்படியா பேசுவது?
வட்டம் நூறு புள்ளி பூஜ்யம் ஐந்து.

ஹெஸ்ஸாவுக்கு அட்டவணை அனுப்பினேன்.
மூன்று பெயர், மூன்று விலை.
மூன்றாவது வரிசையில்
"உதிரிபாகங்கள்" என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஜோவெலின், விசா மாற்றத்துடன்.
எழுதிவிட்டுத் தலைப்பைப் பார்த்தேன்.
அழித்தேன்.
வேறு கட்டம் இல்லை.
அட்டவணைக்கு வெளியே,
கீழே, வெறும் தாளில்,
முழு வாக்கியமாக எழுதினேன்.

மெஷினுக்குச் சரி என்று
அன்று மாலையே பதில்.
வாக்கியத்துக்கு இன்னும் வரவில்லை.
அவள் விசா
இருபத்தாறாம் தேதி வரை.

இன்று பதினேழு.
மேசையில் மூன்று வட்டங்கள்.
ரீகனுடையதன் மேல் தேநீர் வைத்திருக்கிறேன்,
சிந்தவில்லை.
மற்ற இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக.
விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்கிறேன்,
எது எவருடையது என்று
எனக்குமே தெரியவில்லை.
மறுபடி ஹெஸ்ஸாவின் எண்ணை அழுத்துகிறேன்.