இன்னும் பழசாகாதது

ரமீஸ் செய்த மிசின் இது.
பிளாஸ்டிக் பைப் ஒன்று,
எரிந்துபோன மின்விசிறியிலிருந்து உரித்த செம்புக்கம்பி,
வளையத்தை மூட ஐஸ்கிரீம் வாளியின் மூடி.
கிண்ணியாவில் ரீவி திருத்துகிறவன்
ஞாயிறென்றால் முதல் பஸ்ஸில் வந்துவிடுவான்.
சனம் குளிக்க வரும்வரை
டச்பே மணல் எங்களுக்கு.

மேலே கோட்டை. அங்கே போவதில்லை.
வாசலில் ஆமிக்காரன், பக்கத்தில் ஒரு பலகை.
பழசெல்லாம் அரசாங்கத்துக்கு
என்று மூன்று பாஷையில் சொல்கிறது.
கடல் துப்பியதைத்தான் பொறுக்குகிறோம் நாங்கள்.

எட்டு வருசம் கண்ணிவெடி அகற்றினவள் நான்.
முகத்துக்குக் கவசம், முழங்காலுக்கு மெத்தை,
நாள் முழுக்கக் குனிந்தால் ஒரு பாயளவு நிலம்.
அங்கே கீச்சென்றால் மூச்சை நிறுத்த வேணும்.
இங்கே கீச்சென்றால் ரமீஸ் கைதட்டுகிறான்.
முதல் மாதம்
ஒவ்வொரு சத்தத்துக்கும் வயிறுபடக் கிடந்து
கம்பியைச் சரித்துச் செருகி
தூரிகையால் மணலை ஒதுக்கினேன்.
சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்தது.
"ஜெசிந்தாக்கா, அது நெக்டோ மூடி. வெடியாது."

ஏழு மாதத்தில்
மூடிகளை எண்ணவில்லை.
ரவைக் கோது பதின்மூன்று.
வலையிலிருந்து கழன்ற ஈயக் குண்டுகள்,
ஒரு கொலுசின் பூட்டு,
பிறகு ஒரு துட்டு.
நிஜத் துட்டு. பச்சை பிடித்த செம்பில்
ஒல்லாந்தக் கம்பனியின் மூன்று எழுத்தும்
ஒன்றுக்குள் ஒன்று கொளுவிக் கிடந்தன.
ஒரு துட்டுக்கும் உதவாதவன் என்று
வாப்பாவிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவன்
அந்த ஒரு துட்டு எவ்வளவு பெரிதென்று
அன்றைக்குத்தான் பார்த்தான்.
சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது.
கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.
ரசீது எழுத கிளாக்கருக்கு முக்கால் மணி.

போன கிழமை வாடைக்கடல்
முழங்கால் ஆழத்துக்கு மணலை அள்ளிப் போயிருந்தது.
இரும்பின் கரகரப்பில்லை. ஒரு வட்டமான சத்தம்.
பித்தளைத் தகடு, நடுவில் ஆணித்துளை.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
நகரசபை. சைக்கிள். 1985.
இலக்கம் 2217.

சைக்கிளைக் காணவில்லை.
சுற்றிவரப் பத்தடி வளையத்தை ஆட்டினேன்,
மிசின் வாய் திறக்கவில்லை.
உப்பு தின்றிருக்கும். உப்புக்கு இரும்பென்றால் ஆசை.
"ஆராவது கழற்றி எறிஞ்சிருப்பாங்க" என்றான் ரமீஸ்.
எண்பத்தைந்தில் பிறக்காதவன்.
இருக்கலாம். புது வருசம் வந்தால்
பழைய தகட்டைக் கழற்றுகிறதுதான்.
எண்பத்தாறுக்கு எடுத்தாரா
என்பதுதான் தெரியவில்லை.

பொத்தானுக்குக் கத்தும் இது,
கொக்கிக்குக் கத்தும், மோதிரத்துக்குக் கத்தும்.
மனிசருக்குக் கத்தாது.
எட்டு வருசம் கையில் பிடித்த
வெளிநாட்டு மிசினும் அப்படித்தான்.

தகட்டையும் கந்தோருக்குக் கொண்டுபோனேன்.
பேனை முனையால் புரட்டிப் பார்த்தார் கிளாக்கர்.
"இது பழசில்லையே தங்கச்சி.
பழசாக இன்னும் கனகாலம் இருக்கு."
மேசை விளிம்புவரை தள்ளிவிட்டார்.
ரசீது இல்லை.

இடுப்புப் பையில் வைத்தால்
மிசின் விடாமல் அதைத்தான் சொல்கிறது,
வேறொன்றையும் கேட்க விடுகிறதில்லை.
அதனால் செருப்பைக் கழற்றி
அதற்குள் தகட்டை வைத்துவிட்டு
வெறுங்காலோடு நடக்கிறேன்.
கோட்டையிலிருந்து இறங்கிவந்த புள்ளிமான் ஒன்று
செருப்பை மோந்து பார்க்கிறது.
பிறகு நேற்றைய லஞ்ச்சீற் தேடி
கல்லடிப் பக்கம் போகிறது.